எதிரே ஒரே ஆள், கையில நாலு ஆட்டின்

போன எபிசோடுல ரம்மி, இன்னிக்கு செவன் கார்டு ஸ்டட்.

ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பார்க்குற என் மச்சான் ஒருத்தன், ஆப்ல போக்கர் ஆடி ரெண்டு மாசச் சம்பளத்தை விட்டான். 2025 ஆகஸ்டுல பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு. இப்போ மொட்டை மாடியில நாங்க ரெண்டு பேரும் புளியங்கொட்டை வெச்சு ஆடுறோம். அவன் எங்க விட்டான்னு அங்கதான் புரிஞ்சது.

ஸ்டட்ல ஆளுக்கு ஏழு சீட்டு. அதுல நாலு எல்லாரும் பார்க்குற மாதிரி திறந்து கிடக்கும். அவனுக்கு முதல் நாலும் ஆட்டின். இன்னொண்ணு வந்தா ஃப்ளஷ். "பாதிக்குப் பாதி மச்சான்"னு கொட்டையை அள்ளி ஏத்தினான்.

என் திறந்த சீட்டு ரெண்டுமே ஆட்டின். அதை அவன் கணக்குலயே எடுக்கல. அது வேற ஜாதியா இருந்திருந்தா, மீதி மூணு சீட்டுல ஃப்ளஷ் வர 49 சதவீதம். இப்போ 40 தான். அஞ்சாவது சீட்டுல ரெண்டு பேருக்குமே ஆட்டின் வரலன்னா 30.

நாலு பேர் ஆட்டத்துல நீங்க ஒண்ணு போட்டா எதிர்ல மூணு விழும், காத்திருக்கலாம். ஒரே ஆள்னா ஒண்ணுக்கு ஒண்ணுதான். ஏஸ், ராஜா இருந்தா ஜோடி சேர்ந்தாவது ஜெயிக்கலாம். அவன்கிட்ட எல்லாமே எட்டுக்குக் கீழ. என்கிட்ட எட்டு ஜோடி. சும்மா கூடவே வந்திருந்தா தப்பில்ல, ஏத்தினதுதான் தப்பு.

அஞ்சாவதா அவனுக்கு கிளாவர் வந்தது. அப்போதான் என் பக்கம் பார்த்தான். "ஆப்ல என் சீட்டைத் தவிர எதையுமே பார்த்ததில்லடா"ன்னு சொல்லிட்டு, கவுத்து வெச்சான்.