பட்டிப்பூ

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த ஊர் களுவாஞ்சிக்குடி. அத்தகைய மணற்பாங்கான வளவுகளின் வேலியோரத்தே, எவரும் நடாமலே முளைத்து, ஆண்டு முழுவதும் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூப்பது பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்பதும் அதுவே. அதன் தாயகம் மடகஸ்கார்த் தீவு.

ஆடுமாடுகள் இச்செடியைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. இலையின் கைப்பும் நஞ்சுமே காரணம். மனிதரோ, சலரோகத்துக்கு நல்லதென்று இலையை அவித்துக் குடிப்பதுண்டு. ஜமெய்க்காவிலும் இவ்வழக்கம் இருந்தது. அங்கிருந்து 1952ஆம் ஆண்டு கனடாவுக்கு அனுப்பப்பெற்ற இலைகளை ரொபேட் நோபிள் என்னும் அறிஞர் எலிகளில் ஆராய்ந்தார். சாற்றைப் புகட்டியபோது இரத்தத்திலுள்ள சர்க்கரை பெரிதும் மாறவில்லை. ஊசிவழி ஏற்றியபோதோ, வெண்குருதிக் கலங்கள் குன்றி எலிகள் மாண்டன. அந்த அழிவிலேதான் அவருக்கு வழி புலப்பட்டது. 1958இல் அவரும் சாள்ஸ் பியரும் வின்பிளாஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்தை அறிவித்தனர். அதன் இனமான வின்கிறிஸ்ரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வைத்தியசாலைகளில் ஊசிவழி ஏற்றப்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்ரினுக்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். வீட்டுக் கஷாயத்தில் அம்மருந்து கிட்டுமென எண்ணுவது வீண், கிட்டுவது நஞ்சே. கருவுற்ற பெண்கள் அறவே தவிர்த்தல் வேண்டும்.

அழகுக்கு வளர்ப்பதில் தடையில்லை. விதை மிகச் சிறிது. ஆகையால் மாரி ஓய்ந்தபின் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் மூடுக. இருளிலேதான் அது நன்கு முளைக்கும். நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும். வரட்சியைத் தாங்கும்; நீர் தேங்கினால் வேர் அழுகும். கிணற்றடி மட்டும் இதற்கு ஆகாது.