தொலைகாட்டியின் குழாயும் துறைமுகக் காற்றும்



திருகோணமலைத் துறைமுகக் கரையிலே, முகில் கலைந்த இரவொன்றில், வீட்டினுள்ளிருந்து அப்பொழுதே எடுத்துவந்த தொலைகாட்டியிற் சனிக்கோளைப் பாருங்கள். அதன் வளையம் ஓடும் நீரின் அடியிற் கிடக்கும் காசுபோல நெளியும். பழி பெரும்பாலும் ஆடியின்மேல் விழுகிறது. உண்மையிற் குற்றம் குழாயினுள் அடைபட்ட வெப்பக் காற்றினுடையது.

வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. ஒளி அதனூடே சற்று விரைந்து செல்லும். ஒரு மீற்றர் நீளமான குழாயில் ஒரு பாகை செல்சியசு வேறுபாடு இருந்தால், ஒளியின் பாதை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு மாறும். இது சிறிதன்று, ஒளியலையின் நீளமே இதிற் பாதியளவுதான். ஆடி தீட்டுவோரோ அலைநீளத்தின் காற்பங்குப் பிழையையும் பெரிதென்பர்.

1917ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் வில்சன் மலையிலே, 100 அங்குல ஆடி கொண்ட தொலைகாட்டியை முதன்முதலாக வியாழனை நோக்கித் திருப்பினர். ஒன்றன்மேலொன்றாகப் பல வியாழன்கள் தோன்றின! பகலிற் பணியாளர் கூண்டைத் திறந்து வைத்திருந்தமையால் ஆடி வெயிலிற் சூடேறியிருந்தது. ஜோர்ஜ் ஹேல் பின்னிரவு வரை காத்திருந்தார். ஆடி ஆறியது, விண்மீன் கூரிய புள்ளியாய்த் துலங்கிற்று.

காத்திருக்க எப்பொழுதும் வாய்ப்பதில்லை. 1871 டிசெம்பர் 12இல், மோசிலி என்னும் ஆங்கில அறிஞர் நமது திருகோணமலையிலே முழுச் சூரியகிரகணத்தின் நிறமாலையை ஆராய்ந்தார். சில நிமிடங்களில் முடியும் காட்சி, கருவி ஆறட்டும் என்று தாமதிக்குமா?

ஆதலால் ஆறுதலை விரைவுபடுத்தும் வழியை நாடினர். ஆடியின் பின்னே சிறு மின்விசிறியொன்றை, அதன் அதிர்வு தாக்காதவாறு இறப்பர்ப் பட்டிகளில் தொங்கவிட்டு, புறக்காற்றைக் குழாயினூடே செலுத்துவர். பெரிய வானாய்வகங்கள் சிலவற்றில், இரவில் வரக்கூடிய வெப்பநிலைக்குக் கூண்டைப் பகலிலேயே குளிர்வித்துவிடுகின்றனர்.

அப்படியாயின் குழாயைச் சுற்றிப் பனிக்கட்டி வைக்கலாமா? கடலோரத்திற்கு அது ஒவ்வாது. நம் காற்று ஈரம் மிக்கது. பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்த ஆடியில், குளிர்நீர்ச் செம்பின் புறத்தே அரும்புவதுபோல் நீர் துளிர்க்கும். காற்றோடு வந்த உப்பு அந்த ஈரத்திற் படிந்து உலோகப் பூச்சை அரிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை எடுத்துவந்தாலும் இதே தீங்குதான். குழாய் புறக்காற்றின் வெப்பநிலையை அடைந்தாற் போதும். அதற்குக் கீழே இறக்கலாகாது.

பொழுது சாய்ந்ததும் தொலைகாட்டியை முற்றத்தில் வைத்து, ஒரு மணிநேரம் விசிறியை ஓடவிடுங்கள். பின்னர் ஒரு விண்மீனைக் குவியத்தினின்று சிறிது விலக்கிப் பாருங்கள். ஒளிவட்டத்திற் புகைச்சுருள் போல ஏதேனும் எழுந்தால் குழாய் இன்னும் ஆறவில்லை. சுருள்கள் ஓய்ந்தபின் சனியை நோக்குங்கள். காற்று அமைதியாகவும் வளையம் நன்கு விரிந்தும் இருக்கும் காலமாயின், 1675இல் காசினி கண்ட கரிய இடைவெளி உங்கள் கண்ணுக்கும் புலப்படும்.