வேலை தேடித் தரும் வேலைக்கு வாருங்கள்!

(இளைஞர் வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டாக்டராக வேண்டும், இன்ஜினியராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய உண்டு. 'வேலைவாய்ப்புத் திட்ட மேலாளர் ஆக வேண்டும்' என்று சொன்ன ஒரு பிள்ளையையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஆனால் எந்த ஊருக்குப் போய் ஆள் எடுப்பது, எந்தக் கம்பெனிக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவர் அவர்தான்!

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். தீன்தயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா என்ற திட்டத்தை மத்திய அரசு 2014 செப்டம்பரில் அறிவித்தது. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் வேலை. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்பது பயிற்சி நிறுவனத்துக்கு வைத்த நிபந்தனை. பணம் தவணை தவணையாகத்தான் வரும். இதிலே சிறுபான்மையினருக்கென்று 15 சதவீத இடமும் ஒதுக்கப்பட்டது.

விதியிலே இடம் இருக்கிறது, சரி. அந்த இடத்தை நிரப்ப நம் தெருவுக்கு யார் வந்தார்கள்? கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்ப்பவரை அனுப்புவது திட்ட மேலாளர். அவருக்குத் தெரிந்த ஊர்களுக்குத்தான் அவர் அனுப்புவார். இதில் சதி எதுவும் இல்லை, பழக்கம்தான். அந்த நாற்காலியில் நம் ஊரை அறிந்த ஒருவர் இருந்தால் நம் தெருவும் அந்தப் பட்டியலில் வரும். அவ்வளவுதான் கணக்கு.

சரி, இந்த வேலை எப்படிப்பட்டது? பயிற்சி கொடுப்பதும் கம்பெனியிடம் பேசுவதும் வெளியே தெரியும் பாதி. அசல் வேலை, பையன் வேலையில் சேர்ந்த மறுநாள்தான் தொடங்குகிறது. இளையான்குடியிலிருந்து ஒரு பையன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் போகிறான் என்று வையுங்கள். முதல் தேதி சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். அதுவரை சாப்பாட்டுக்கு யார் கொடுப்பது? அறைக்கு அட்வான்ஸ் எங்கே? இருபது நாள் பார்ப்பான். பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவான். 'நம்ம பசங்களுக்குப் பொறுமை இல்லை' என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். பொறுமை மட்டும் சோறு போடுமா?

இதற்காகவே அந்தத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வைத்தார்கள். சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் 3 மாதம், வெளி மாநிலம் என்றால் 6 மாதம். இந்த ஆயிரம் ரூபாய் வரவேண்டிய தேதியில் வந்ததா, இல்லையா என்பதில்தான் மேலாளரின் திறமை தெரியும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஒன்று. தாயை அழைத்துக்கொண்டு போய் விடுதியைக் காட்ட வேண்டும். இரவு ஷிப்டு முடிந்தால் வண்டி எங்கே நிற்கும் என்று காட்ட வேண்டும். அந்தத் தாய் மனம் ஒப்பினால் பிள்ளை நிலைப்பாள். இல்லையென்றால் எந்த நியமனக் கடிதமும் பயன்படாது.

எழுபது சதவீதக் கணக்கைக் காட்ட வேண்டிய நெருக்கடியில் சிலர் வழி தவறுவதும் உண்டு. தெரிந்தவர் கடையில் ஒரு நியமனக் கடிதம் வாங்கி, 'வேலை கொடுத்தாயிற்று' என்று எழுதிவிடுவார்கள். ஏமாறுவது அரசு மட்டுமல்ல, அந்தப் பிள்ளையும்தான்! அவன் பெயர் 'வேலை பெற்றவர்' பட்டியலில் ஏறிவிட்டது. இனி அவனைத் தேடி யார் வருவார்? நீங்கள் அந்த இடத்துக்கு வந்தால் கடிதத்தைப் பார்க்காதீர்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதையும் பாருங்கள்.

வளைகுடா வேலை பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு அரசு உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். இதற்கு மேல் விவரித்தால் அதுவே தனிக் கூட்டமாகிவிடும்.

இந்தப் பதவிக்கு எப்படி வருவது? எம்.எஸ்.டபிள்யூ. படிப்பு நேர் வழி. 1952-ல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி இருக்கிறது. திண்டுக்கல் அருகே காந்திகிராமம் இருக்கிறது. ஊரக மேலாண்மைக்கென்றே குஜராத்தின் ஆனந்தில் 1979-ல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. வேறு பட்டம் படித்தவர்களும் ஆள் சேர்ப்பவராகவோ, வேலையில் அமர்த்தும் அலுவலராகவோ நுழைந்து, படிப்படியாக மைய மேலாளர், திட்ட மேலாளர் என்று உயர முடியும். கம்ப்யூட்டரில் கணக்குப் போடவும், ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கி எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்த திட்டத்தின் முதல் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ், நியூயார்க்கில் ஏழைகளிடையே சமூக ஊழியராக வேலையைத் தொடங்கியவர்தான்.

படிப்பு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் ஜமாஅத்தில் திருமணப் பதிவேடு இருக்கிறது, சந்தாப் பதிவேடு இருக்கிறது. வேலையில்லாதோர் பதிவேடு இருக்கிறதா? செயலாளரிடம் அனுமதி கேட்டு நீங்களே ஒன்று எழுதுங்கள். பெயர், வயது, படிப்பு, தெரிந்த தொழில் ஆகியவற்றோடு, வெளியூர் போகச் சம்மதமா, வீட்டில் யார் தடுக்கிறார்கள், முன்பு வேலையை விட்டிருந்தால் எத்தனையாவது நாளில், எதற்காக விட்டார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.