விற்காத கார், வீணாகாத எஞ்சின்

(மூத்தோர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது பேசுங்கள் சார்" என்று நம் செயலாளர் கேட்டபோது, வங்கி வட்டியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். எனக்குப் பழைய கார்கள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. சொந்தமாக ஓட்டியது என்னவோ ஸ்கூட்டர்தான்! இன்று உங்களுக்குச் சொல்லப்போவது ஆஸ்டின் ஏ90 அட்லாண்டிக் என்ற இங்கிலாந்துக் காரின் கதை.

முதலில் அந்தக் காலத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெயித்த பிரிட்டன், போர் முடிந்தபோது பெரிய கடனாளி. 1946-ல் அமெரிக்கா கொடுத்த 375 கோடி டாலர் கடனுக்குக் கடைசித் தவணை கட்டியது எப்போது தெரியுமா? 2006 டிசம்பரில்! டாலர் சம்பாதிக்க ஏற்றுமதிதான் வழி. ஏற்றுமதி செய்யும் ஆலைக்கே எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை.

ஆஸ்டின் கம்பெனியின் தலைவர் லெனார்ட் லார்ட், அமெரிக்கர்களை மனதில் வைத்தே ஒரு கார் செய்தார். 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமானது. துணிக்கூரையை மடக்கிவிட்டுக் காற்றாட ஓட்டலாம். கூரையையும் ஜன்னல் கண்ணாடிகளையும் பொத்தானை அழுத்தி இயக்கும் வசதியும் உண்டு. முகப்பில் நடுவே மூன்றாவதாக ஒரு விளக்கு, பானெட் மேல் பளபளக்கும் குரோமியப் பட்டைகள். 2,660 சிசி, நான்கு சிலிண்டர், 88 குதிரைத்திறன்.

வண்டி சோடையா? இல்லவே இல்லை. 1949-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத் தடத்தில் ஏழு நாள் இரவும் பகலும் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 70 மைலுக்கு மேல். 63 சாதனைகளை முறியடித்தது.

ஆனால் விற்பனை? விலையைக் குறைத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பவுண்டின் மதிப்பையே 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக அரசு குறைத்தது. அப்படியும் அமெரிக்காவில் போனவை சுமார் 350 வண்டிகள்தான். மொத்தம் தயாரானவையே 7,981. திறந்த கார் 1951 தொடக்கத்திலும், மூடிய கார் 1952-லும் நின்றுபோயின.

ஏன்? அமெரிக்கக்காரனுக்கு அவன் ஊரிலேயே எட்டு சிலிண்டரில் அகலமான, சொகுசான வண்டி கிடைத்தது. அவனிடம் ஏற்கெனவே இருப்பதைப் போலவே சிறிதாகச் செய்து கொண்டுபோனால் எதற்கு வாங்குவான்? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

கதை இங்கே முடியவில்லை. டொனால்ட் ஹீலி என்பவர் இதே எஞ்சினை எடுத்து, தாழ்வான, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தினார். 1952 கண்காட்சியில் அதைப் பார்த்த அதே லெனார்ட் லார்ட், தன் ஆலையிலேயே தயாரிக்க ஒப்புக்கொண்டார். அதுதான் ஆஸ்டின்-ஹீலி 100. மணிக்கு நூறு மைல் வேகம் என்பதால் அந்தப் பெயர். 1956 வரை பதினாலாயிரத்துக்கும் மேல் தயாராகி, பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போனது. அப்படிப்பட்ட வண்டி அங்கே அதிகம் இல்லையே!

இதை ஏன் சொல்கிறேன்? என் மகன் நடத்திய டிபன் கடையை இரண்டே வருடத்தில் மூட வேண்டியதாயிற்று. அந்தத் தெருவில் ஏற்கெனவே நாலு டிபன் கடை. மிஞ்சியது பெரிய கிரைண்டர் ஒன்று. "வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்றேன். கடன் கணக்கை முடித்தே பழகிய புத்தி! அவன் கேட்கவில்லை. இன்று அதே கிரைண்டரில் மாவு அரைத்து, அந்த நாலு கடைக்கும் அவன்தான் சப்ளை.

உங்கள் பிள்ளையோ பேத்தியோ ஒரு முயற்சியில் தோற்று வந்து நின்றால், "அன்றைக்கே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன், இன்றும் உறுத்துகிறது. அந்த முயற்சியில் நல்ல எஞ்சின் எது என்று சேர்ந்து உட்கார்ந்து தேடுங்கள்.