ஜலசந்திக்கு இரு கரை, கூலிக்கு இரு விலை

(திருச்சி தில்லை நகரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜோகூர், சிங்கப்பூர் என்ற பெயர்கள் நம் திருச்சி, தஞ்சைக் கிராமங்களுக்குப் புதிதல்ல. அன்று நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் போனார்கள். இன்று இதே திருச்சியில் விமானமேறுகிறார்கள். அந்தச் சீமைச் சேதி ஒன்றைத்தான் பேச வந்தேன்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூருக்கும் நடுவே குறுகலான ஜலசந்தி. அதன்மேல் வெள்ளையன் காலத்திலேயே போட்ட பாலம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான். தெற்கே, படகில் ஒரு மணி நேரத் தூரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. 1989-ல் சிங்கப்பூரின் அன்றைய துணைப் பிரதமர் கோ சோக் தோங் இம்மூன்றையும் சேர்த்து 'வளர்ச்சி முக்கோணம்' என்றார். 1994-ல் மூன்று சர்க்கார்களும் கையெழுத்திட்டன. பணமும் துறைமுகமும் சிங்கப்பூருடையவை. நிலமும் உழைக்கும் கைகளும் மற்ற இருவருடையவை. இதுதான் ஏற்பாடு.

வயற்காட்டுப் பாஷையில் சொல்கிறேன். வாய்க்காலுக்கு இக்கரையில் ஒரு கூலி, அக்கரையில் பாதிக் கூலி என்றால் மிராசுதார் நடவுக்கு எங்கே ஆள் பிடிப்பார்? இக்கரையில் கூலி உயர்த்திக் கேட்டால், "அக்கரையில் ஆள் இருக்கிறது, போ" என்பார். நெல் மட்டும் ஒரே களத்துக்கு வந்து சேரும்!

அங்கேயும் அப்படித்தான். 2004-ல் அமலுக்கு வந்த அமெரிக்க–சிங்கப்பூர் வர்த்தக ஒப்பந்தம், பாத்தாமில் செய்த சில மின்னணுச் சாமான்களும் சிங்கப்பூர் வழியே போனால் சிங்கப்பூர்ச் சரக்காகவே கணக்காக வழி செய்தது. சரக்கு தன் பிறந்த ஊரை மாற்றிக்கொள்ளலாம். அதைப் பூட்டிக் கொடுத்த பெண் படகேறிப் போய்ச் சிங்கப்பூர்க் கூலி கேட்க முடியுமா?

2025 ஜனவரி 7-ல் இன்னொன்று வந்தது: ஜோகூர்–சிங்கப்பூர் விசேஷப் பொருளாதார மண்டலம். தகுதி பெறும் கம்பெனிக்கு 15 ஆண்டுவரை 5 சதவீத வரி. மலேசியாவில் வழக்கமான கம்பெனி வரி 24 சதவீதம்! படித்த நிபுணர்களுக்கு 10 ஆண்டு 15 சதவீத வருமான வரி. யந்திரத்தடியில் நிற்பவனுக்கு என்ன சலுகை? குறைந்தபட்சக் கூலி 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆயிற்றே என்பார்கள். அது நாடு முழுமைக்குமான உத்தரவு, மண்டலம் கொடுத்ததல்ல.

வேலை வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாத்தாமில் ஆலைகள் எழுந்தன, ஜோகூரிலும் எழுகின்றன. வேலை வேண்டாமென்று எந்தத் தொழிலாளி சொல்வான்? ஆனால் ஆளுவது யார்? மூன்று நாட்டுக்கும் பொதுவான சட்டசபை கிடையாது. பொதுவான கூலிச் சட்டம் கிடையாது. மந்திரிகள் கூடுகிறார்கள், அதிகாரிகள் எழுதுகிறார்கள். மூலதனம் பாலத்தைத் தாண்டுகிறது. தொழிலாளியின் சங்கமோ சுங்கச் சாவடியோடு நின்றுவிடுகிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1946-ல் உருவான அகில மலாயாத் தொழிற்சங்கம் ஆரம்பத்தில் சிங்கப்பூரையும் சேர்த்தே நின்றது. அந்த இயக்கத்தின் சம்மேளனத் தலைவரானவர் நம் தம்பிக்கோட்டைக்காரர் எஸ். ஏ. கணபதி. 1948-ல் சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தைக் கலைத்தார்கள். 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள்.

இங்கிருந்து விமானமேறும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். எந்தக் கரையில் வேலை, கூலி வெள்ளியிலா ரிங்கிட்டிலா, எந்த நாட்டுச் சட்டப்படி என்பதைப் புறப்படுமுன் காகிதத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஏஜெண்டின் வாய் வார்த்தை பாலத்தின் எந்த முனையிலும் செல்லாது.