மதுவும் பிறந்த மண்ணும்

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைத் தோட்டங்களிற் சம்பள நாள் மாலையில் தவறணையை நாடிச் செல்லும் ஆடவரைக் கண்டு, "இந்தியாவிலிருந்து வந்தோரின் இரத்தத்தில் ஊறிய பழக்கம் இது" என்று கூறுவோர் உளர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை நேயர்கள் சிந்தித்தல் வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1999ஆம் ஆண்டிலும், 2001 முதல் 2003 வரையிலும் மதுவால் நேர்ந்த மரணங்கள், இறந்தோர் பிறந்த நாட்டின்படி ஆராயப்பட்டன. இந்தியாவிற் பிறந்த ஆடவரிடையே அவை மிகுந்திருந்தன. இந்தியாவிற் பிறந்த பெண்களிடையே குறைந்திருந்தன. வங்காளதேசத்திற் பிறந்த ஆடவரிடையேயும் குறைவே. அனைவரும் குடியேறியவர்களே. இரத்தமே காரணமாயின், உடன்பிறந்த பெண்களுக்கும் அது பொதுவன்றோ? வேறுபாட்டிற்குக் காரணம் வழக்கமும் கட்டுப்பாடுமே எனல் பொருந்தும்.

மலையகத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. கோப்பிக் காலத்திலேயே சாராய விற்பனை உரிமையை ஆங்கில அரசு குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. குளிரிலும் மழையிலும் உழைத்தவனுக்கு, ஒற்றையறை லயத்தை விட்டால் தவறணையே புகலிடமாயிற்று. அன்று வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று இம்மண்ணிற் பிறந்தவர்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

கசிப்பு, தோட்டத்தவர் கிராமத்தவர் என்று பேதம் பார்ப்பதில்லை. அதில் மெதனோல் கலந்திருப்பின் பார்வையும் உயிரும் பறிபோகும். நாட்பட்ட குடியால் ஈரல் சுருங்கும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடுக்கின்றது. அதனைத் தவறணை வாசலிற் காப்பதும், கண் மஞ்சளித்து வயிறு வீங்கியவரை விதியென விட்டுவிடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் ஊராரின் கடமையாகும். பிறப்பை மாற்ற இயலாது. வழக்கத்தை மாற்ற இயலும்.