மூன்று விரல் நுழைகிறதா?

(தொடர்கல்வி மையம் ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் பேசியது)



முதலில் ஒரு சோதனை. கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். விரல்கள் மேலும் கீழுமாக இருக்கட்டும். வாயை அகலமாகத் திறந்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வையுங்கள். மூன்றும் நுழைகிறதா? நல்லது.

என்னிடம் ஒரு லாரி கிளீனர் வந்தார். வயது 24. அவர் வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. சோற்றை உருண்டையாக வைக்க முடியவில்லை. குழம்பு பட்டாலே எரிந்தது. "தூக்கம் வராமல் இருக்கத்தான் குட்கா போட்டேன் டாக்டர்" என்றார்.

குட்காவில் பாக்கும் புகையிலையும் இருக்கின்றன. பாக்கு கன்னத்தின் உள்தோலை நார் போல இறுக்கிவிடும். பிறகு வாய் திறக்காது. இறுகிய தோல் பழையபடி முழுவதும் இளகுவது அரிது. சிலருக்கு அதுவே புற்றுநோயாக மாறுகிறது. புகையிலை சேராத பான் மசாலாவும் இதனால்தான் ஆபத்தானது.

2016-17இல் இந்தியா முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்கள் 100 பேரில் சுமார் 29 பேர் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். புகைப்பவர்களைவிட, வாயில் போடுபவர்களே அதிகம்.

பீகாரில் கைனியைச் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கி உதட்டில் அடக்குகிறார்கள். மகாராஷ்டிரத்தில் பெண்கள் மிஸ்ரி என்ற வறுத்த புகையிலைத் தூளால் பல் தேய்க்கிறார்கள். ஆந்திரக் கடற்கரை ஊர்களில் சில பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கிறார்கள். அவர்களுக்கு மேல் அண்ணத்தில் புற்று வருகிறது. நாம் வெற்றிலையோடு போடுகிறோம். பெயர்தான் வேறு வேறு. நஞ்சு ஒன்றுதான்.

"பல்வலிக்குப் புகையிலை நல்லது" என்று சிலர் சொல்வார்கள். வலி சற்று மரத்துப் போகலாம். ஆனால் சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டே போகும். புகையிலை கலந்த பற்பொடியை அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது.

"நான் பீடி குடிக்கிறேன். என் ஈறில் ரத்தமே வருவதில்லையே" என்பார் இன்னொருவர். அதுதான் ஏமாற்று. புகையிலையில் உள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் ஈறு கெட்டாலும் ரத்தம் வெளியே தெரியாது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். ஒருநாள் பல் ஆடும். பிறகு விழும்.

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதடு, கன்னம், ஈறு, நாக்கின் அடி, அண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு உண்டா? சிவப்புத் திட்டு உண்டா? இரண்டு வாரமாக ஆறாத புண் உண்டா? கட்டி உண்டா? உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அப்போதே கண்டுபிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

செலவையும் கணக்குப் போடுவோம். நாளுக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய். வருடத்துக்கு 7,300 ரூபாய். பிள்ளைகளின் படிப்புக்கு அது உதவாதா?

விடுவது கடினம்தான். ஆனால் முடியும். ஆசை எழுந்தால் சில நிமிடம் பொறுங்கள். தண்ணீர் குடியுங்கள். யாரிடமாவது பேசுங்கள். அந்த வேகம் தணிந்துவிடும். உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.

கடைசியாக ஒன்று. 2016 முதல் புகையிலைப் பொட்டலத்தில் 100க்கு 85 பங்கு இடத்தில் எச்சரிக்கை அச்சாகிறது. நேற்று வரை அதில் படத்தை மட்டும் பார்த்தீர்கள். இன்று எழுத்தையும் படிக்க உங்களுக்குத் தெரியும். படியுங்கள். படித்துவிட்டுப் பொட்டலத்தைக் கீழே போடுங்கள்.